ஆடிக் கிருத்திகையில எனக்கு வந்த சாமி

ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதான். எங்க வீட்டுப் பூக்காவடியைத் தூக்கிக்கினு மலை ஏறி, சன்னதியில எறக்கிட்டு வரணும். இதுல கூடவா ஒருத்தன் கோட்டை வுடுவான்னு கேப்பீங்க. நான் வுட்டேன்.

எனக்குச் சக்கரை வியாதி. அரக்கோணத்து டாக்டரு இன்சுலின் எழுதிக் குடுத்திருந்தாரு. தினம் காலையில கம்பவுண்டர் வூட்டுக்குப் போயி போட்டுக்குவேன்.

டாக்டரு பொறுமையாத்தான் வெளக்கினாரு. நாம துன்ற சக்கரை ரத்தத்துலயே சுத்திக்கினு இருக்குதாம். உடம்புல இருக்குற செல்லுங்க கதவைச் சாத்திக்கினு பட்டினி கெடக்குதாம். இந்த இன்சுலின்ற ஹார்மோன் போயி தட்டினாத்தான் கதவு தெறக்குமாம், சக்கரை உள்ள போவுமாம்.

"ஊசி போட்டா சாப்புட்டே ஆவணும். இல்லாங்காட்டி ரத்தத்துல இருக்குற சக்கரையெல்லாம் உள்ள போயிடும், மூளைக்கு ஒண்ணும் மிஞ்சாது"ன்னாரு. ஆங் ஆங்னு தலையாட்டிக்கினு வந்தேன்.

ஆனா கிருத்திகை விரதமாச்சே! காவடி எறக்குற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். ஊசி ஒரு பக்கம் சக்கரையைக் கொறைக்கும், பட்டினி ஒரு பக்கம் கொறைக்கும், ரெண்டும் சேந்தா வியாதி ஒரே நாள்ல ஒழிஞ்சிடும்னு கணக்குப் போட்டு, காலையிலயே ஊசியைப் போட்டுக்கினு வெறும் வயித்தோட கெளம்பிட்டேன். என்னா மூளை எனக்கு!

பாதி மலையில கை நடுங்கிச்சு. வேர்வை ஊத்துது. மேல போயி சேர்றதுக்குள்ள காலும் ஆட, தோள்ல காவடி தானா ஆடுது.

யாரோ சாமி வந்துடுச்சுன்னாங்க. அவ்ளோதான். பம்பைக்காரர் என்னைச் சுத்திச் சுத்திப் பம்பையை அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. பள்ளிப்பட்டு அம்மா ஒருத்தங்க கால்ல வுழுந்து, பொண்ணை ரேணிகுண்டாவுல குடுக்கலாமான்னு கேட்டாங்க. என் தலை நடுக்கத்துல ஆடுச்சு. சாமி சம்மதம் குடுத்துடுச்சுன்னு அழுதாங்க.

எனக்கு உயிரு போவுது. இருக்குற பலத்தையெல்லாம் சேத்து, "பசிக்குது"ன்னேன்.

கூட்டமே கன்னத்துல போட்டுக்கினுச்சு. முருகனுக்குப் பசியாம், நைவேத்தியம் லேட்டாயிடுச்சாம். யாரோ மடப்பள்ளிக்கு ஓடினாங்க. ஆவி பறக்க சக்கரைப் பொங்கல் வந்துச்சு. அப்பாடான்னு வாயைத் தெறந்தேன். தவலை என்னைத் தாண்டி நேரா சன்னதிக்குள்ள போயிடுச்சு. எனக்குக் கெடைச்சது வாயில ஒரு கொத்து வேப்பில, மூஞ்சியில ஒரு புடி விபூதி.

கண்ணு இருட்டிச்சு. இங்கயே செத்துடுவோம்னு நெசமாவே பயந்துட்டேன்.

அப்போதான் என் சம்சாரம் கூட்டத்தைத் தள்ளிக்கினு வந்தா. கீழ கம்பவுண்டரைப் பாத்திருக்கா. நான் ஊசி போட்டுக்கினது தெரிஞ்சதும் அடிச்சிப் புடிச்சி ஏறியிருக்கா. வேப்பிலையைப் புடுங்கிப் போட்டுட்டு, பஞ்சாமிர்தத்தை வாரி என் வாயில அடைச்சா. சாமி வாயில கை வைக்கிறியேம்மான்னு பம்பைக்காரர் பதறினாரு. அவ காதுல வாங்கல, இன்னொரு கை அடைச்சா.

கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னுது. வேர்வை காய்ஞ்சுது. தோள்ல காவடியைக் காணோம், எங்கன்னு கேட்டேன். சாமி மலையேறிடுச்சுன்னு எல்லாரும் கும்புட்டுட்டு நவுந்தாங்க.

பள்ளிப்பட்டு அம்மா மட்டும் போவல. சின்னப் பொண்ணுக்கும் ஒரு வாக்கு கேக்கணுமாம். அடுத்த கிருத்திகைக்கும் சாமி இவரு மேல வருமான்னு என் சம்சாரத்தை வெசாரிச்சாங்க.

அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"ஊசி போட்டுக்கினு சாப்புடாம இருந்தாருன்னா, நாளைக்கே வரும்."