இருநூற்றுப் பதினேழாவது வித்தியாசம்

"சின்ன வயசுல இவனை நான் கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நம்மவர் முப்பத்தொன்றாவது முறையாகச் செத்தார்.

திரை சிவப்பானது. பக்கத்து நாற்காலியில் இருந்த தாடி, "கண்ணைத் திறந்துக்கிட்டு ஆடினா இப்படித்தான் ஆகும்" என்றான். தாடி என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். வேலை, புரோகிராம் எழுதுவது.

பதற வேண்டாம், செத்தது விளையாட்டில்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வந்த துப்பாக்கி விளையாட்டு அது. திரையில் நம் கை மட்டும் தெரியும், கையில் துப்பாக்கி தெரியும். எதிரே வருகிறவனையெல்லாம் சுட்டுக்கொண்டே ஒரு சுரங்கத்துக்குள் பதினோரு கட்டம் இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய வில்லன் வழியை மறித்துக்கொண்டு நிற்பான். அதைத் தூசி தட்டி, புதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி மறுபடியும் வெளியிடப்போகிறது இந்தச் சின்னக் கம்பெனி. 'பழசு பழசாவே இருக்கும், ஒரு மயிரிழைகூட மாறாது' என்று விளம்பரமும் செய்தாயிற்று.

மாறியிருக்கிறதா இல்லையா என்று ஆடிப் பார்த்துப் பட்டியல் போடுவது நம்மவருடைய வேலை. இதுவரை இருநூற்றுப் பதினாறு வித்தியாசங்களைப் பிடித்திருந்தார். முதல் கதவு அரை நொடி முன்னதாகத் திறக்கிறது. இரண்டாம் கட்டத்து விளக்கு பழையதில் மினுக்கி மினுக்கி எரியும், புதியதில் நிம்மதியாக எரிகிறது. குண்டு பட்ட காவல்காரன் முன்பெல்லாம் இடது பக்கம் சாய்வான், இப்போது வலது பக்கம் சாய்கிறான். இதையெல்லாம் வேறு யார் கவனிப்பார்கள்?

வேலைக்கு எடுத்தபோது மேனேஜர் அம்மையார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "முழுசா முடிச்சிருக்கீங்களா?"

"பதினோரு கட்டமும் முடிச்சேன், மேடம். பதினோரு வயசுல."

அதைச் சொன்னபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. நம்மவர் வாழ்க்கையில் எடுத்து முடித்த காரியங்கள் அதிகமில்லை. பட்டப்படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றது. நீச்சல், மிதப்பது வரைக்கும் வந்தது. புல்லாங்குழல் பெட்டிக்குள் இருக்கிறது. கல்யாணப் பேச்சுகூட இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. முழுசாக முடித்தது என்று நாலு பேரிடம் சொல்ல அந்த விளையாட்டு ஒன்றுதான் இருந்தது. முப்பத்தேழு வயதில் அதற்காகவே ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. இப்போதைக்குத் தற்காலிகம், பட்டியல் சரியாக இருந்தால் நிரந்தரம். அதனால் மனுஷன் உயிரைக் கொடுத்து ஆடினார். ஒரே நாளில் முப்பத்தொரு உயிர்.

முப்பத்திரண்டாவது உயிரை விடுவதற்குப் பதிலாகப் பட்டியலை எடுத்து எழுதினார்:

'217. நான்காம் கட்ட முடிவில் இரும்புத்தலையனிடம் தோற்று மூடிவிட்டுப் போனால், மறுநாள் திறக்கும்போது அவனைத் தாண்டிய இடத்தில், முழுத் தெம்போடு, துப்பாக்கி நிறையக் குண்டோடு நிற்போம். மற்ற வில்லன்களிடமும் இப்படியே. பழையதில் உண்டு. புதியதில் இல்லை.'

தாடி அதைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"என்னப்பா இது?"

"வித்தியாசம்."

"இது வித்தியாசம் இல்ல, வேண்டுதல்."

"நான் என்ன கதையா விடறேன்? சாயங்காலம் தோத்துட்டு, சாப்பிடாம, சுவத்தைப் பார்த்துப் படுத்துப்பேன். மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து திறந்தா, தாண்டி நிக்கறேன்! எத்தனை தடவை நடந்திருக்கு தெரியுமா? அந்தக் காலத்துல ஆடறவங்க மேல ஒரு இரக்கம் வச்சு எழுதியிருக்காங்க. நீங்க அதைப் பிடுங்கிட்டீங்க."

"தினமும் நடக்குமா?"

"சனி, ஞாயிறு நடக்காது. பெரிய லீவுல நடக்காது. ஒரு தடவை காய்ச்சல் வந்து ஒரு வாரம் வீட்ல கிடந்தேன், அப்பவும் நடக்கல."

"உனக்குக் காய்ச்சல்னு கேமுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அதை நீதான் புரோகிராம்ல தேடிப் பார்க்கணும்."

தாடி இரண்டு நாள் தேடினான். பழைய புரோகிராமை வரி வரியாகப் படித்தான். இரக்கம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அலுவலகத்தில் இருந்த பழைய பிரதியை ஆடி, தோற்று, மூடி, மறுநாள் திறந்தும் பார்த்தான். தலையன் அதே இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தான்.

"இது நீல அட்டை" என்றார் நம்மவர். "பின்னால திருத்தி வெளியிட்டது. என்கிட்ட இருந்தது கறுப்பு அட்டை. முதல்ல வந்தது. அப்பவே ஒரு தடவை எடுத்திருக்காங்க பாரு, பாவிங்க!"

விஷயம் மேனேஜரிடம் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு மயிரிழைகூட மாறாதுன்னு விளம்பரம் போட்டிருக்கோம். இது மயிரிழை இல்லையே, முழு ஜடையாச்சே! நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"என் கண்ணால பார்த்தது, மேடம்."

சரி, பழைய ஆட்டக்காரர்களையே கேட்டுவிடலாம் என்று இணையத்தில் ஒரு கேள்வி போட்டார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது பேர் 'சுத்தப் புளுகு' என்று திட்டினார்கள். சாயங்காலத்துக்குள் முந்நூறு பேருக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'ஆமாம், எனக்கும் நடந்தது!' என்றார் ஒருவர். 'மழை நாளில் மட்டும் நடக்கும்' என்றார் இன்னொருவர். 'இத்தனை வருஷம் யாரும் நம்பவில்லை, இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவேன்' என்று ஒருவர் உருகியிருந்தார்.

"முந்நூறு பேர்!" என்றார் மேனேஜர்.

"மேடம், இப்படிக் கேட்டா யாருக்கும் ஞாபகம் வரும்" என்றான் தாடி. அவன் பேச்சு எடுபடவில்லை.

அடுத்து, விளையாட்டை முதன்முதலில் எழுதிய பெரியவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் இப்போது பூச்செடி வளர்த்து விற்கிறார். கையில் மண்ணோடு திரையில் தோன்றினார்.

"அப்படி எதையும் நான் எழுதல. அந்த வயசுல எனக்கு ஏது இரக்கம்? ஆடறவன் அழணும்னுதான் ராப்பகலா உட்கார்ந்து எழுதினேன்."

இதையே அவர் இணையத்திலும் எழுதினார். முந்நூறு பேரும் ஒன்று சேர்ந்து அவரை வறுத்து எடுத்துவிட்டார்கள். 'இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டிருந்தார் ஒருவர்.

கடைசியில் மேனேஜர், "எழுதிச் சேர்த்துடுங்க" என்று தாடியிடம் சொல்லிவிட்டார். தாடி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஐந்து முறை தோற்று மூடினால், மறுநாள் தாண்டி நிற்கலாம். பத்துப் பேரிடம் கொடுத்து ஆடச் சொன்னார்கள். அதில் ஒரு புண்ணியவான் தினமும் ஐந்து முறை போய் நின்று அடி வாங்கி, மூடிவிட்டு, பன்னிரண்டே நாளில் பதினோரு கட்டத்தையும் முடித்தான். ஒரு வில்லனைக்கூட அவன் ஜெயிக்கவில்லை. 'அருமையான விளையாட்டு. ஆனால் இதில் துப்பாக்கி எதற்கு என்றுதான் புரியவில்லை' என்று இணையத்தில் குறிப்பும் எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் திட்டிய நாற்பது பேர் நாலாயிரம் பேர் ஆனார்கள். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. மேனேஜர் நம்மவரைக் கூப்பிட்டார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிங்க. இது ஒண்ணு தப்புன்னா, மீதி இருநூத்திப் பதினாறையும் நான் எப்படி நம்பறது? உங்க வேலையைப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்."

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. நம்மவரும் அம்மாவும்தான். அம்மா துணி தைப்பவர். நம்மவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா தட்டுல கோலம் போட்டுட்டு இருக்கே? சாப்பிடேன்."

நம்மவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். தாடி, மேனேஜர், முந்நூறு பேர், பூச்செடிக்காரர், வெள்ளிக்கிழமை.

"அந்தத் தலையன் இன்னும் ஒழியலையா?" என்றார் அம்மா. "சரி, நிரூபிக்கலைன்னா என்ன பண்ணுவாங்களாம்?"

"வேலை போயிடும்மா. வேலைகூடப் பரவாயில்ல. நான் முடிச்சேன்னு சொன்னதே பொய்னு ஆயிடும். நான் முடிச்சது அது ஒண்ணுதானேம்மா."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிரித்த காலரை மடித்து ஓரமாக வைத்தார்.

"பழைய கம்ப்யூட்டர் பரண்ல இருக்கு. கறுப்பு அட்டையும் அதோடதான் கட்டி வச்சிருக்கேன். இறக்கு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் தாடி வந்தான். இரண்டு பேருமாக இறக்கி, துடைத்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்து, ஒயர்களை மாட்டினார்கள். பொத்தானை அமுக்கியதும் அது தொண்டையைச் செருமிக்கொண்டு உயிர் பெற்றது. நான்காம் கட்டத்தில் நம்மவர் என்றோ விட்ட இடம்கூட அப்படியே இருந்தது. தலையனிடம் போனார். ஐந்தாறு முறை மரியாதையாகச் செத்தார். அந்த இடத்தைச் சேமித்துவிட்டு மூடினார்.

"நாளைக்கு வியாழன். வேலை நாள்தான். நடக்கும்" என்றார்.

"நடக்கறதைப் பார்ப்போம்" என்றான் தாடி. "ஆனா ஒண்ணு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீ என் கண்ணு முன்னாடியே இருக்கணும். வீட்ல வேற யாரு இருப்பாங்க?"

"அம்மா மட்டும்தான்."

அம்மா அப்போது ஒரு துணியால் மானிட்டரின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த ஒயரைப் பிடுங்கி வச்சுடட்டுமாப்பா? சும்மா கரண்ட் இழுக்கப்போவுது" என்றார்.

"ஐயோ வேணாம்மா! நீங்க அதைத் தொடவே தொடாதீங்க."

"நான் எதுக்குப்பா அதைத் தொடறேன்" என்று அம்மா துணியை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை நம்மவருக்கு வேலையே ஓடவில்லை. கழிவறைக்குப் போனாலும் தாடி வாசலில் நின்று கனைத்தான். மத்தியானத்துக்கு மேல் நம்மவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அப்படி நடக்கவே இல்லையோ? பதினோரு வயதுப் பிள்ளை ஆசையில் நினைத்ததையெல்லாம் நடந்ததாக வைத்துக்கொண்டுவிட்டதோ? அப்படியானால் புல்லாங்குழல், நீச்சல் வரிசையில் இதுவும் போய்ச் சேர்ந்துவிடும். முடித்தேன் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. அந்த நினைப்பு வேலை போகிற பயத்தைவிட மோசமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்ததை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் மேனேஜரையும் சேர்த்து மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தார்கள். மேனேஜருக்குத் தையல் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார் அம்மா. நம்மவர் பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் செருமியது. விளையாட்டு திறந்தது.

ஐந்தாம் கட்டம். தலையன் பின்னால் செத்துக் கிடந்தான். முழுத் தெம்பு. துப்பாக்கி நிறையக் குண்டு.

 தாடி திரைக்குக் கிட்டே போனான், கம்ப்யூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான், பிறகு தரையிலேயே உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"இருக்காது. இருக்கவே இருக்காது. அந்தப் புரோகிராமை வரி வரியாப் படிச்சவன் நான்."

"நீங்க படிச்சது நீல அட்டை!" என்றார் மேனேஜர். அவருக்குக் கொண்டாட்டம். நம்மவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க வேலை நிரந்தரம். இதை மாதிரியே, இம்மி பிசகாம, புதுசுலயும் வைக்கறோம்."

"எப்படி நடக்குதுன்னே தெரியாம எதை மேடம் எழுதுவேன்?" என்று தாடி அழாத குறையாகக் கேட்டான்.

நம்மவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் இல்லை. நடந்ததுதான். முடித்ததுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சமையலறைக்கு ஓடினார்.

அம்மா அடுப்பில் டீயை வைத்துவிட்டு, வலது மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! நடந்துடுச்சும்மா!"

"கத்தாதே, அவங்க காதுல விழப்போவுது" என்றார் அம்மா. "அப்பல்லாம் மூணு தடவை செத்தாப் போதும், நீ ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள அவனைத் தாண்டி வச்சுடுவேன், இன்னைக்கு நாப்பத்திரண்டு தடவை செத்தேன்டா."