குளியலறையில் யாரும் இல்லை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அத்தை, என் மனைவி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் உங்களுக்குப் போன் செய்து பேசிய பேச்சுக்குப் பிறகு அங்கே யாரும் நலமாக இருக்க வழியில்லை என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மகளும் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. "உங்க மாப்பிள்ளை உள்ள யாரையோ வச்சிருக்காரு" என்று அந்த அம்மாள் சொன்னது தப்பு. தப்பே தவிர, பொய் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் லிஃப்ட் பொருத்துகிறவன் என்பது தாங்கள் அறிந்ததே. கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே போக வேண்டும், முடிந்ததும் பையைத் தூக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகத்தான் என் பிழைப்பு. ஒரு கட்டில், சட்டை மாட்ட ஒரு கொக்கி, ஒரு பை, அவ்வளவுதான் என் சொத்து. "தனி வாசல் வச்ச வீடா பாருங்க, அதுவரைக்கும் என் பொண்ணு இங்கதான் இருப்பா" என்று நீங்கள் சொன்னது நியாயம். சுகாதார ஆய்வாளராக ஊரிலுள்ள அடுப்படியெல்லாம் பார்த்த கண் உங்களுடையது. எங்கள் ஹாஸ்டல் அடுப்படியைப் பார்த்திருந்தால் சீல் வைத்திருப்பீர்கள், என்னையும் உள்ளே விட்டு. அதனால்தான் அலைந்து திரிந்து இந்த மாடி வீட்டைப் பிடித்தேன். வீட்டை மாற்றிவிட்டேன், மாமா, புத்தியை மாற்றிக்கொள்ளத்தான் நேரமாகிறது.

ஹாஸ்டலில் குளிக்கப் போனால் முதலில் கதவைத் தட்டி, "யாரு உள்ள, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் உள்ளே இருப்பவர் முகத்துக்குச் சோப்புப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், கோபப்படாமல் நிற்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. குடிவந்த மறுநாள் காலை நான் தோளில் துண்டும் கையில் சோப்புமாக என் வீட்டுக் குளியலறையைத் தட்டி, கேட்டு, பதில் வராததால் நின்றுகொண்டிருந்தேன். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே வந்த வீட்டுக்கார அம்மாள் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்லைங்க."

"அப்ப யாருக்காக நிக்கிறீங்க?"

"பழக்கங்க" என்றேன். எந்தப் புத்திசாலியாவது அப்படிச் சொல்வானா? அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார், ஆள் இல்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் கண் சும்மா இருக்குமா? போகிற போக்கில் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பால் பாக்கெட்டில் என் பெயர், முட்டை ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. ஹாஸ்டலில் கையெழுத்தில்லாத முட்டை பொதுச்சொத்து, மாமா. "தனியா இருக்கறவரு யாருக்குப் பயந்து கையெழுத்துப் போடறீங்க?" என்று கேட்டார்.

அதோடு போயிருக்கலாம். நேற்று எனக்கு விடுமுறை. மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லாமல் மனிதன் எப்படித் தூங்குவான்? ஹாஸ்டலில் என் தலைக்கு மேல் கட்டிலில் படுப்பவரை மாடிக்காரர் என்போம். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் குறட்டை. அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, தூங்கப் போறீங்கன்னா போனைப் பக்கத்துல அப்படியே வச்சிருங்க" என்றேன். "முத்திப் போச்சுடா உனக்கு" என்று திட்டினாலும் வைத்தார், நல்ல மனிதர். ஸ்பீக்கரில் அந்தக் குறட்டையைக் கேட்டதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது, நானும் சேர்ந்துகொண்டேன். கீழே படுத்திருந்த அம்மாளுக்கு இரண்டு குறட்டை கேட்டிருக்கிறது. மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அரைத் தூக்கத்தில் நான், ஹாஸ்டலில் கதவு தட்டுகிறவர்களிடம் சொல்வதைச் சொல்லித் தொலைத்தேன்.

"உஸ்ஸ்... மெதுவா! உள்ள ஆள் தூங்குது."

கீழே போனதும் அவர் செய்த முதல் வேலை, குடிவரும்போது நான் எழுதிக்கொடுத்திருந்த உங்கள் எண்ணுக்குப் போன் போட்டது.

மாமா, சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, உங்கள் மகள் போனை எடுக்காததுதான் தாங்க முடியவில்லை. இந்த வீட்டைப் பிடித்ததே அவள் வருவாள் என்றுதான். அவள் வராவிட்டால் எனக்கு இத்தனை சுவர் எதற்கு? ஆகவே தாங்களே உடனே நேரில் வந்து, அடுப்படி முதல் மொட்டைமாடி வரை ஆய்வு செய்து, இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு அவளை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மாடிக்காரரும் நேரில் வந்து குறட்டை விட்டுக் காட்டத் தயார்.

அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் உடம்பும் கோபமும் சீக்கிரம் சீராக வேண்டும் என்ற வேண்டுதலுடன்,

தங்கள் ஆசியை நம்பியிருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் உங்கள் மகள். "தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு நேராகக் குளியலறையைத் திறந்து பார்த்தாள். அப்புறம் இந்தக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள், "இத்தனை நாளா இப்படியா இருந்தீங்க?" என்று அழுதுவிட்டாள். உங்களிடம் பக்கத்துத் தெரு சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளாம், அத்தைக்கு எல்லாம் தெரியுமாம். இனி திரும்பிப் போவதாக இல்லையாம். எனவே மேலே, இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். ஆய்வுக்கு உடனே வரச் சொன்னதையும். வரும்போது அவளுக்கு ஒரு தலையணை கொண்டுவரச் சொல்கிறாள், இங்கே இருப்பது ஒன்றுதான். அவசரமில்லையாம், மெதுவாக வந்தால் போதுமாம்.