சந்தன நகருக்கு ஆள் சேர்த்த பாய்

"ஏங்க, மறுபடியும் மேல வந்துடுச்சு!"

நூர்ஜகான் போட்ட சத்தத்தில் காஜா மைதீன் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். கழிவறையில் தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை தளும்பி நின்றது. மழை பெய்தால் போதும், செப்டிக் டேங்க் நிரம்பிவிடும்.

"காலையில தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டேன். இன்னும் இன்னா நிறுத்தணும், சொல்லுங்க."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் லுங்கி வியாபாரம் செய்து, தியாகதுருகம் சாலையில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. சந்தன நகர். பெயரில் மட்டும்தான் சந்தனம்.

அன்றைக்கே நகராட்சிக்குப் போய்ப் பொறியாளர் அமிர்தத்தைப் பார்த்தார்.

"பாதாள சாக்கடை வரும் பாய். ஆனா உங்க நகர்ல ஆளே கம்மி. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா வூடு இருந்தா எப்படி லைன் போடறது? ஆளு ஜாஸ்தியாகட்டும், பாக்கலாம்."

அவ்வளவுதானே! காஜா மைதீன் ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் மாட்டியவன் மச்சினன் பைரோஸ்.

"மச்சான், ஒரு மாதிரி வாடை வந்துக்கினு இருக்குதே?"

"மண்வாசனைடா. டவுன்லயே இருந்து மறந்துட்ட."

அடுத்து ரிஷிவந்தியத்து வாத்தியார் சுபாஷ். "இங்க காத்து பாருங்க சார், ஃபேனே வேணாம்" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். கல்வராயன் மலையிலிருந்து படிக்க வரும் பெண்களுக்கு விடுதி கட்ட சின்னராசு என்பவர் இடம் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், தன் வண்டியிலேயே ஏற்றி வந்து எதிர்வரிசைப் பெரிய மனையைக் காட்டி முடித்துவைத்தார். கமிஷன் வாங்கவில்லை. தனக்காக இறைவனிடம் துஆ செய்தால் போதும் என்றார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் வீடுகளும் விடுதியும் எழும்பி நகர் நிரம்பிவிட்டது. கூடவே ஒவ்வொரு வீட்டு டேங்கும் நிரம்பியது. எல்லோரும் ஆளுக்கொரு குழாயைத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். விடுதிப் பெண்கள் காலையில் குளித்துக் கிளம்புவதற்குள் தெரு ஓடையாகிவிடும். கழிவுநீர் லாரிக்காரனை எப்போது கூப்பிட்டாலும், "உங்க நகர்லதான் பாய் நிக்கறேன், வேற வூட்ல" என்பான்.

சுபாஷ் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"காத்து வரும்னு சொன்னீங்களே பாய். வருது."

பைரோஸ் பேசுவதையே நிறுத்திவிட்டான். நூர்ஜகான் பையை எடுத்துக்கொண்டு தியாகதுருகத்துக்குத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"எப்ப வருவே?"

"அங்கயாவது ஒரு டம்ளர் தண்ணிய தைரியமா குடிச்சிட்டு வரேன்."

எப்போது என்று சொல்லவில்லை. பஸ் முனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றவர், அங்கிருந்து நேரே நகராட்சிக்குப் போனார்.

"மேடம், ஆளு சேந்துட்டாங்க. இனிமே சேக்கறதுக்கு இடமே இல்ல!"

மறுநாள் அமிர்தம் ஜீப்பில் வந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். விடுதியின் முன்னால் நின்று அதை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"இங்கேர்ந்து கழிவுநீரை ஏத்தி அனுப்ப ஒரு பம்ப் ஹவுஸ் வேணும் பாய். அது இல்லாம லைன் போட்டுப் பிரயோஜனமில்ல. ஒரு மனைகூட காலியா இல்லியே."

"எங்க வூட்டு ஹாலை எடுத்துக்குங்க மேடம். பொம்பள இல்லாத வூடுதான், சும்மாத்தான் கெடக்கு."

"ஹால்லயா?" அமிர்தம் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "இந்தத் திட்டம் வேற நகருக்குப் போயிடும் பாய். அடுத்த திட்டத்துல பாக்கலாம்."

போன் அடிக்க, பேசிக்கொண்டே தள்ளிப் போனார். காஜா மைதீன் ஜீப்பின் மேல் சாய்ந்தபடி தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஆதிமூலத்துக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஆளு கம்மின்னு மேடம் சொன்னது, வர்றவங்க எல்லாருக்கும் சொல்ற பதிலு பாய். மொத லைனே உங்க நகருக்குத்தான் வர்றதா இருந்துது. தோ, அந்த ஆஸ்டல் நிக்குதே, அந்த மனையத்தான் பம்ப் ஹவுஸுக்குப் பேசி வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள எவனோ ஒரு புண்ணியவான் வண்டி வெச்சு ஆளக் கூட்டியாந்து முடிச்சிக் குடுத்துட்டானாமே!"