படியில்லா வீடு கண்ட படலம்

முழங்கால் என்னும் முடிச்சைப் படைத்து, அதற்குள் வலியையும் வைத்து, அந்த வலியைத் தாங்கும் பொறுமையைப் பெண்களுக்கே பெரும்பங்காக அளந்த பரம்பொருளே, உன் பாதம் பணிந்து இக்கதையைத் தொடங்குகிறேன். ஸ்காபரோவின் சிங்கம், முப்பது பனிமாரிகளைப் பனி அள்ளும் ஒற்றைச் சவளால் வென்றவர், நீலக் கம்பளித் தொப்பியை மணிமுடியாய்த் தரித்தவர், நவரட்ணம் வாழ்க.

அவருடைய மாளிகை மூன்று தட்டு. கீழே உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், நடுவே சமைக்கும் குசினி, மேலே படுக்கை. இவற்றை இணைத்த இருபத்தெட்டுப் படிகளும் இருபத்தெட்டு அரக்கராய் நின்று அவர் மனைவி குணவதியிடம் நாள்தோறும் திறை கேட்டன. குணவதி ஒரு சொல் முறையிட்டதில்லை. இரவில் கைப்பிடியை இரு கையாலும் பற்றிப் பக்கவாட்டாக ஏறுவார். விடியலில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். அதை ஒருநாள் கதவிடுக்கால் கண்ட நவரட்ணம், பல்துலக்கும் தூரிகையை வாளென உயர்த்தி, “படி என்று ஒன்று இல்லாத வீட்டில் உன்னைக் குடியேற்றாமல் ஓயேன்” என்று சூளுரைத்தார். வாயில் நுரை நிறைந்திருந்தபடியால் அது குணவதிக்கு விளங்கவில்லை.

ரொறன்ரோவின் ஒற்றைத்தட்டு வீடுகளின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மனைவியைக் காரில் ஏற்றி, வடமேற்கே இரண்டு மணி நேரம் படைநடத்திச் சென்றார். அங்கே, மேடு எதையும் மலையென்று மதிக்கும் நம் மாகாணத்தார் மலையென்றே வணங்கும் இரு குன்றுகளுக்கு நடுவே, பாற்கடல் உறைந்தாற்போன்ற பள்ளத்தாக்கில், ஒரு சிற்றூர் பனிக்குள் தாடைவரை புதைந்து கிடந்தது. அதன் கடைசித் தெருவில், ஏறவும் இறங்கவும் ஒரு படியும் இன்றி, உட்கார்ந்த பசுவைப் போல அமைதியாக இருந்தது அந்த வீடு. இரண்டிலிருந்து நான்கு மணிவரை எவரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று முற்றத்தில் பலகை சொன்னது. வாங்க விரும்புவோர் தரும் விலைக்கடிதங்கள் நாளைக்குப் பிரிக்கப்படும். இன்று பாராதவருக்கு அந்த வீடு இல்லை.

மூன்று மணிக்கு நவரட்ணம் காரைவிட்டு இறங்கினார். அதே கணத்தில் தெருவின் எதிர்க்கரையில் இன்னொரு கார்க்கதவு திறந்தது. பிறம்ரனின் வேங்கை, உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்குலம் நடுங்கத் தூண்டில் போடும் தீரர், அல்பேட் இறங்கினார். தமிழரைத் தமிழர் நூறு அடி தூரத்திலும் அறிவர். நவரட்ணம் உடனே வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஏனென்றால் நம்மவருக்கென்று ஒரு போர்விதி உண்டு. கையெழுத்து வைக்கும்வரை வீடு பார்க்கும் செய்தியைப் பிறர் அறியலாகாது. அறிந்தால் கண்ணூறு பட்டு வீடு கைநழுவும். கோயிலுக்குப் போகிறவரும் இதை நம்புகிறார், தேவாலயத்துக்குப் போகிறவரும் நம்புகிறார். இந்த ஒன்றில் நமக்குள் மதபேதமே கிடையாது.

“அண்ணை இஞ்சால என்ன?” என்று அல்பேட் முதல் அம்பை எய்தார்.

“சும்மா பனி பாக்க வந்தனாங்கள் தம்பி. நீங்கள்?”

“நாங்களும் பனிதான்.”

“பிறம்ரனில பனி இல்லையோ?”

“கிடக்கு. இஞ்சத்தைப் பனி கொஞ்சம் வெள்ளை.”

அதன்பின் சொற்போர் ஓய்ந்து நிலைப்போர் தொடங்கியது. மற்றவர் போனபின் உள்ளே புகுவோம் என்று இருவரும் நினைந்து, இருவரும் போகாமல், பனியையே பார்த்துக்கொண்டு நின்றனர். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை. வடதிசைக் காற்று ஆயிரம் ஊசிகளைத் தொடுத்தது, மீசைகள் வெண்சாமரமாயின, பாதங்கள் தம் எசமானரை மறந்தன, கைகள் கட்டி, தாடைகள் இறுக்கி, முன்னிட்ட காலைப் பின்வாங்கார் இருவரும், இரு மலைகளுக்கு நடுவே மேலும் இரு மலைகளாய், நாற்பத்தைந்து நிமிடம் அசைவற்று நின்றனர். பனிக்கு அஞ்சி அன்று வேறெவரும் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்த முகவர்ப் பெண் யன்னலால் மூன்றுமுறை பார்த்துவிட்டு, இனி எவரும் வாரார் என்று, நான்காகும் முன்பே வெளியே வந்து பலகையைப் பிடுங்கத் தொடங்கினார்.

காருக்குள் இருந்த குணவதிக்குப் போர்விதியும் தெரியும், நேரமும் தெரியும். ஆனால் அவர் கண் பலகையில் நிற்கவில்லை. முன்பின் அறியாத அந்த மனிதரின் நடுங்கும் தோள்களில் நின்றது. தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்றாம் அடியில் பனி வழுக்கியது, முழங்கால் மடங்கியது. விழுமுன் ஒரு கை வந்து பிடித்தது. அல்பேட்டின் மனைவி ஜோசப்பின்.

“எங்கையக்கா இந்தக் காலோட வாறியள்?”

“உந்தத் தம்பி நிண்டு விறைக்குது. ஒரு வாய் தேத்தண்ணி குடுப்பம் எண்டு.”

ஜோசப்பின் சிரித்துவிட்டார். “அக்கா, நாங்கள் வீடு பாக்க வந்தனாங்கள். வாயைத் திறவாதை எண்டு இந்த மனிசன் சொன்னது.”

“நாங்களும் அதுக்குத்தான் பிள்ளை. எங்கட மனிசனும் காலமை முழுக்க அதைத்தான் சொன்னது.”

இரு பெருவீரரும் தலைகுனிந்து தத்தம் காற்சப்பாத்துகளை ஆராய்ந்தனர்.

தேநீர் கைமாறியது, பலகை மீண்டும் நடப்பட்டது. நால்வரும் உள்ளே போயினர். அல்பேட் தம் மீன்பிடி வள்ளத்துக்காகக் கார் நிறுத்தும் கராஜை அடியளந்தார். அளந்து திரும்பியபோது, குணவதி படுக்கையறையிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து உடுப்புத் தோய்க்கும் மூலைக்கும், சுவரைப் பிடிக்காமல், எவரையும் கேளாமல், தாமாக நடந்துகொண்டிருந்தார். அல்பேட் அதைப் பார்த்துவிட்டு நவரட்ணத்திடம் வந்தார்.

“அண்ணை, கராஜ் காணாது. என்ர வள்ளம் உள்ளுக்குப் போகாது. உது உங்களுக்குத்தான்.”

கராஜ் வள்ளத்தைவிட இரண்டு முழம் நீளம் என்பதை இதை எழுதுகிறவன் அறிவான், ஆண்டவரும் அறிவார். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இவ்வாறு, வாளெடாது, படை மடியாது, ஒரு குவளைத் தேநீராலும் ஒரு பொய்யாலும் பள்ளத்தாக்குக் கோட்டை வீழ்ந்து, நவரட்ணத்தின் விலைக்கடிதம் மறுநாள் போட்டியின்றி முடிசூடி, விண்ணவர் மலர்மாரியென மேலும் ஓரடிப் பனி சொரிய, பங்குனி பிறந்ததும் கொடிகட்டிய பாரவண்டி முன்செல்ல வெற்றிவேந்தர் நகர்புகுந்தார். அன்றிரவு குணவதி பாத்திரம் கழுவிவிட்டு, குசினியிலிருந்து நேரே நடந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.