அக்கா கல்யாணத்துக்கு நான் செய்த பேனர்

டிசைன் படித்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக ஒரு பிஸ்கட்கூடத் தின்ன முடியாது. கோயம்புத்தூரில் படிப்பை முடித்து ஊட்டி மலையில் இருக்கும் எங்கள் ஊர் ஜெகதளாவுக்குத் திரும்பிய புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன். பிஸ்கட் கவரில் எழுத்து சரியில்லை, டீத்தூள் பாக்கெட்டில் இருக்கும் இலை முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது, பஸ் ஸ்டாப் பலகையின் மஞ்சள் கண்ணைக் குத்துகிறது என்று ஓயாமல் தீர்ப்புச் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை. அதற்காகவெல்லாம் நான் நிறுத்தியதுமில்லை.)

அப்போதுதான் அக்காவின் கல்யாணம் வந்தது. பேனர் மாதிரியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ரோஜாப்பூ, புறா, சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் தலை. ஓரத்தில் பெரியப்பா கூலிங் கிளாஸோடு போன் பேசிக்கொண்டிருந்தார்.

"இது பேனரா, ரேஷன் கார்டா? எல்லாத்தையும் தூக்குங்க. நான் பண்றேன்."

"என்ற மூஞ்சியையுமாம்மா?" என்றார் பெரியப்பா.

"அதைத்தான் முதல்ல தூக்கணும்."

வெள்ளைத் துணி. நடுவில் மெல்லிய சாம்பல் எழுத்தில் இரண்டே பெயர். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

கல்யாணம் நவம்பர் கடைசியில். மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் துபாய் லீவோ அடுத்த வாரம் முடிகிறது. அன்றைய தினத்தை விட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஃபாதருக்கும் அன்று வேறு ஊரில் இன்னொரு கல்யாணம். "பத்து மணிக்கு ஆரம்பிச்சாகணும். பதினொண்ணுக்கு நான் கிளம்பிடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

பத்து தாண்டியும் மாப்பிள்ளை வேன் வரவில்லை. யார் போனும் கிடைக்கவில்லை. அக்கா பூச்செண்டோடு வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

ஒருவழியாக அப்பாவின் போன் அடித்தது. வேன் டிரைவர்.

"ஏனுங்க, அரவங்காட்டு முனையில பேனரைப் பார்த்துத் திரும்பச் சொன்னீங்க. பேனர் வரும் வரும்னு வந்துட்டே இருந்தமுங்க. இப்ப ஒரு ஏரி தெரியுதுங்க. படகெல்லாம் விடறாங்க."

ஊட்டிக்கே போய்விட்டார்கள்!

கோயிலில் இருந்த மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "இன்னைக்குத் தாலி ஏறலைன்னா நீ நம்ம ஊட்டுக்குள்ள காலே வெக்காத" என்றாள் அக்கா. அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா ஜீப்பை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். முனையில் இறங்கினால் ஒரே மூடுபனி. என் வெள்ளை பேனர் எனக்கே தெரியவில்லை; கையால் துழாவித்தான் கண்டுபிடித்தேன். பேனர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லக் கட்டுவது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு நவம்பரில் பனி இறங்கும் என்பதுகூடத் தோன்றவில்லையே!

விளக்குகள் மங்கலாக வந்தன, கடந்து போயின. கையை ஆட்டினேன், கத்தினேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஊட்டியிலிருந்து திரும்பி வரும் வேன் மறுபடி முனையைத் தாண்டிவிட்டால் நேரே குன்னூருக்குப் போய்விடும், கல்யாணம் கோவிந்தா. (கோயில் கல்யாணமானாலும் கோவிந்தாதான்.)

பெரியப்பா விறுவிறுவென்று நடுரோட்டில் போய் நின்றார். போன் டார்ச்சைப் போட்டுத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பனிக்குள் அந்த முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது. பிரேக் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை வேன்!

டிரைவர் தலையை நீட்டினார். "பேனர் எங்கீங்க?"

"நான்தாங்க பேனர். இப்பிடித் திரும்புங்க" என்றார் பெரியப்பா.

கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது ஃபாதர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்து, பிரசங்கமே இல்லாமல் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். ("இத்தனை நல்லபடியா ஒரு கல்யாணம் நடந்ததே இல்லை" என்று பந்தியில் பலர் பேசிக்கொண்டார்கள்.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் மூடுபனி என்று சொல்வதில்லை. எதிர்வீடு தெரியாமல் போகும் காலைகளில் அக்காவின் மகள் ஜன்னலில் நின்று உள்ளே பார்த்துக் கத்துவாள்:

"அம்மா, சித்தி பேனர் கட்டிட்டாங்க!"