இடது முழங்கையில் வழிந்த அருள்

ஊதல் சாமியார் வந்து மூன்று நாள்தான். தெருவில் கால் வைக்க இடமில்லை. எண்ணெய் தடவி, "பூ!" என்று ஊதினால் தோலின் வெள்ளைச் செதில் மாயமாய் மறைகிறதாம். வழுக்கைக்காரரும் பல்வலிக்காரரும்கூட வரிசையில் நின்றார்கள். ஊதுவதுதானே, எதற்கு வேண்டுமானாலும் ஊதலாம்!

தையல்காரம்மாவும் நின்றாள். இரண்டு முழங்கையிலும் சிவந்த தடிப்பு, மேலே வெள்ளைச் செதில், நகங்களில் ஊசி குத்தியதுபோல் குழிகள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அளவு கொடுக்க ஒருத்தியும் வருவதில்லை. கடையை மூடினால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"முழங்கையில வந்தா முன்னோர் சாபம். நகத்துல வந்தா கண்ணேறு. பொட்டுப் பொட்டா வந்தா பக்கத்து வீட்டுக்காரி வயித்தெரிச்சல்" என்றார் சாமியார். சாபத்துக்கெல்லாம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார் மகானுபாவர்!

தடவினார். ஊதினார். செதிலைக் காணோம்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் செதில் பழைய இடத்திலேயே இருந்தது.

"நம்பிக்கை பத்தல" என்று ஒரு புட்டியை நீட்டினார். "தடவிட்டு நாளைக்கு வந்து ஜனங்ககிட்ட சாட்சி சொல்லு."

புதுத் துணியை ஓரத்தில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பாராமல் அவள் கத்தரிக்கோல் எடுத்ததே இல்லை. எண்ணெயை மட்டும் சோதிக்காமல் விடுவாளா? மறுநாள் கூட்டத்தின் நடுவே இரண்டு முழங்கையையும் நீட்டினாள். இரண்டிலும் செதில் இல்லை.

"சாமி, ஒரு கையிலதான் உங்க எண்ணெய். எந்தக் கைன்னு சொல்லுங்க."

சாமியார் கண்ணை மூடினார், திறந்தார். "இடது! அருள் வழியுது பாரு!"

"அது எங்க வீட்டுச் சமையல் எண்ணெய், சாமி. எந்த எண்ணெய் பட்டாலும் செதில் தெரியாது. காஞ்சா திரும்ப வெளுக்கும்."

"நீ சோதிச்சதால சக்தி கை மாறிடுச்சு!"

"அப்ப எங்க வாணலியும் சாமிதான்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. தெருவே குலுங்கிச் சிரித்தது. சாமியார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓட்டம் பிடித்தார்.

தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டரம்மா பார்த்துச் சொன்னார்: "இது சொரியாசிஸ். முழங்கைத் தடிப்பு, நகக்குழி, தொண்டைப்புண் வந்து போனப்புறம் சிலருக்கு வர்ற பொட்டு, எல்லாம் ஒரே நோய்தான். யாருக்கும் ஒட்டாது. அடியோட போகும்னு பொய் சொல்ல மாட்டேன். களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரைன்னு அடக்கி வைக்கலாம். மூட்டு வலிச்சா உடனே வாங்க."

தடிப்பு மெல்ல அடங்கியது. ஒட்டாது என்று தெரிந்ததும் வாணலிக்காரிதான் முதலில் அளவு கொடுக்க வந்தாள். தையல்காரம்மா நாடாவை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"ஒரு சட்டைக்கு நாலு தடவை அளவு பாக்கச் சொல்றீங்களே, சாமியாரை ஒரு தடவையாவது அளந்து பாத்தீங்களாடி?"