ஆம்புலன்ஸ் தண்ணீர்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். இதை வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் ரத்தத்துக்கு என்ன வேலை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் நான் கொஞ்சம் பெரிய ஆள் (என் கணக்கில்). பத்தொன்பது வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். நான் கையைத் தட்டினால் நாலு பேர் புடவையை விரிப்பார்கள். ஒருநாள் கடையையே மூடிவிட்டார்கள். அதே சமயம் நர்ஸான என் மனைவி ஜெயாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மகளையும் இரண்டு பெட்டிகளையும் என்னையும் இழுத்துக்கொண்டு கரமனை வீட்டிலிருந்து கிளம்பினாள். மூன்றிலும் அதிகம் கனத்தவன் நான்தான்.

அங்கே பட்டுப்புடவை பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். கடைசியில் ஜெயா, தான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் மேட்ரன் ப்ரெண்டாவிடம் பேசி, எனக்கு உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள்.

"என் பேரைச் சொல்லி வாங்கியிருக்கேன். அங்க போய் சூப்பர்வைசர் ஆகாதீங்க, கேட்டோ" என்றாள். தலையாட்டினேன்.

பெரியவர்களுக்குச் சட்டை மாட்டுவது, முகம் மழிப்பது எல்லாம் கை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். யார் எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று அட்டையில் குறிக்க வேண்டும். தேநீர் என்றால் கையை நீட்டுபவர்கள், தண்ணீர் என்றால் வாயை இறுக்கிக்கொள்வார்கள். எண்பத்தெட்டு வயது பேட்ரிக் இதில் மன்னன். காலையிலிருந்து கெஞ்சினால் சாயங்காலத்துக்குள் ஒரு டம்ளர் இறங்கும். என் அட்டையைப் பார்த்துவிட்டு மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இரண்டாவது வாரம் எனக்கு ஞானம் பிறந்தது. குழாயிலிருந்து ஐஸ் மாதிரி பிடித்துக் கொடுத்தால் எந்த மனுஷன் குடிப்பான்? எங்கள் ஊரில் வீடானாலும் ஓட்டலானாலும் பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக, தொண்டையில் இதமாக இறங்கும். பெட்டியில் ஒரு பொட்டலம் பதிமுகம் இருந்தது. ஜெயாவிடம் சொல்லவில்லை, மேட்ரனிடம் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷ சூப்பர்வைசர் யாரைப் போய்க் கேட்பான்? ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் குறை வைக்கக் கூடாது என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். செக்கச்செவேல் என்று வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடத்தில் பரிமாறினேன். சும்மா சொல்லக்கூடாது, வாங்கி வாங்கிக் குடித்தார்கள். பேட்ரிக் மட்டும் நாலு டம்ளர். ஐந்தாவதையும் கையில் கொடுத்துவிட்டு, அட்டையில் கோடு கோடாகப் போட்டு, அடுத்த ஜாடி எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து பேட்ரிக் டம்ளரோடு தூங்கிப்போய்விட்டார். வெள்ளைச் சட்டை, மோவாயிலிருந்து வயிறு வரைக்கும் சிவப்பு. பக்கத்தில் மூன்று அம்மாள்கள் வெள்ளைக் காகிதத்தால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் சிவப்பு. மேட்ரன் உள்ளே நுழைந்தது அப்போதுதான். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டார். எத்தனை பேருக்கு என்று கேட்டிருப்பார்கள் போல. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும்" என்றார்.

புது ஜாடியோடு வாசலுக்கு வந்த நான் பேட்ரிக்கின் சட்டையைப் பார்த்தேன். காய்ச்சியது நான், ஊற்றியது நான். இருந்தும் என் மண்டையில் உறைத்தது ரத்தம் ஒன்றுதான். ஜாடியை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே சாய்ந்தேன்.

கண் விழித்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் என் சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்திலேயே அதிகம் சிவந்திருந்தவன் நான்தான். பேட்ரிக் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஓடிவந்த ஜெயா என் சட்டையை ஒரு விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"பதிமுகம் அல்லே இது?"

"ஒரு கைப்பிடி போட்டேன்" என்றேன்.

அவள் திட்டவில்லை. எழுந்தாள். ஜாடியில் மிச்சம் இருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி, மேட்ரனுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் முன்னால் நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு நிதானமான ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் இது எல்லோரும் குடிக்கிற தண்ணீர், கேட்காமல் கொடுத்தது தப்பு, இவரை இங்கே சேர்த்துவிட்டவள் என்ற முறையில் அதில் தனக்கும் பங்கு உண்டு என்று சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அன்றுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன், தரையில் படுத்துக்கொண்டு.

டாக்டர் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை. பேட்ரிக் மட்டும் விழித்துக்கொண்டு, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

மேட்ரன் அறைக்கு இருவரும் போனோம். நான் விலகிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் என் அட்டையை மேசைமேல் வைத்தார். பேட்ரிக்கின் பெயருக்கு நேராக நாலு கோடுகள்.

"இரண்டு வருஷத்தில் இவர் இவ்வளவு குடித்ததில்லை. நீ கேட்காமல் கொடுத்தாய், அது மன்னிக்க முடியாத தப்பு. இனி ஒரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம். நாளையிலிருந்து வெறும் வெந்நீர் கொடு" என்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நீயே கொடு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வெந்நீர் ரவுண்டு என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பதிமுகத்துக்கு 'ஆம்புலன்ஸ் தண்ணி' என்று பெயர். மகள்தான் வைத்தாள், லீவுக்கு வந்தால் கரமனைத் தெருவே அப்படித்தான் சொல்கிறது.

போன லீவில், ஓய்வுபெற்ற மேட்ரன் எங்களோடு ஊர் பார்க்க வந்தார். வர்க்கலைக் கடற்கரையைப் பார்த்துவிட்டு, ரயிலில் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் பசி. எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தோம். உட்கார்ந்த உடனே நாலு டம்ளர் வந்தது. சிவப்பு. மேட்ரன் பார்த்தார். பக்கத்து மேசையைப் பார்த்தார். அதற்கும் பக்கத்து மேசை. நாற்பது பேர் சிவப்பாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். மேட்ரன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கைப்பையைத் திறந்து, ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

"எல்லாரும்" என்றார்.